டிரவுட் இன்று எந்த ஆழத்தில்?

கலிபோர்னியாவின் கிழக்கு சியரா மலையடிவாரத்தில், 395-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் தூண்டில் சாமான் விற்கும் கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. உள்ளே நுழைந்தால் ஒரு சுவர் முழுக்கச் சின்னச் சின்னப் புட்டிகள். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு, பச்சை, மினுமினுப்புத் தூள் கலந்தது, பூண்டு வாசம் சேர்த்தது. அத்தனையும் டிரவுட் மீனுக்கான மாவு இரை. எதிர்ச் சுவரில் வெள்ளியும் தங்கமுமாகத் தகடுகள் தொங்கும். குளிர்பெட்டிக்குள் மண்புழு டப்பாக்கள் இருக்கும். முதல்முறை வருகிறவர் கடைக்காரரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இதுல எதுக்கு மீன் நல்லாக் கடிக்கும்?”

அந்தக் கேள்வியை இரண்டாவதாகக் கேட்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, மீன் இன்று எந்த ஆழத்தில் நிற்கிறது என்பது. ஆழம் தெரிந்துவிட்டால் அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோய் நிறுத்தும் கருவி எது என்று தெரியும். கருவி தெரிந்தால் இரை பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். புட்டியின் நிறம் கடைசியில்தான் வரும். இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு மீன்பிடிப்பு கண்மாயில் தொடங்கியிருக்கும். மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுக் காம்பில் தக்கை, முள்ளில் மண்புழு. கெண்டையும் கெளுத்தியும் அதிலேயே வரும். விராலுக்கு மட்டும் சின்னத் தவளை தேடிப் போவோம். கண்மாயில் ஆழத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஆளுயரத் தண்ணீர், மேலும் கீழும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பு, எங்கே போட்டாலும் இரை மீனுக்கு எட்டும். நூறடிக்கு மேல் ஆழமுள்ள மலை ஏரி அப்படியல்ல. அங்கே தண்ணீர் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகளாக நிற்கிறது. டிரவுட் அவற்றில் தனக்கு ஒத்துவரும் அடுக்கில் மட்டும் இருக்கும். மற்ற அடுக்குகளில் நாம் போடும் இரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது கண்ணில் படாது.

டிரவுட்டில் பல வகை உண்டு. இந்த ஏரிகளில் அதிகம் பிடிபடுவது ரெயின்போ டிரவுட். உடலின் இருபக்கமும் செவுளிலிருந்து வால்வரை இளஞ்சிவப்புப் பட்டை ஓடும். பசிபிக் பெருங்கடலில் கலக்கும் ஆறுகள்தான் இதன் பிறந்தகம். ஐரோப்பாவின் பிரவுன் டிரவுட்டோடு ஒரே பேரினத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்த இது, 1989-இல் பசிபிக் சால்மன்களின் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. மனிதர்கள் இதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். 1880-களில் கலிபோர்னியாவிலிருந்து முட்டைகளாகக் கப்பலேறி நியூசிலாந்து சேர்ந்தது. நம் நீலகிரியில் டிரவுட்டைக் குடியேற்ற பிரான்சிஸ் டே 1863-இல் செய்த முதல் முயற்சி தோற்றது. பின்னர் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, ரெயின்போ டிரவுட் அந்த மலையில் நிலைத்தது.

சியராவின் உச்சி ஏரிகளில்கூட இது வந்தேறிதான். பனியாறு குடைந்த அந்த ஏரிகளுக்கும் கீழேயுள்ள ஆறுகளுக்கும் இடையே மீன் ஏற முடியாத அருவிகள் இருந்தன. கோவேறு கழுதை முதுகில் டின்களில் வைத்தும், பிற்காலத்தில் விமானத்திலிருந்து கொட்டியும் மீன்குஞ்சுகளை அங்கே விட்டார்கள். மீன் இல்லாத நீரிலேயே வாழ்ந்து பழகிய சியரா மஞ்சள்கால் தவளை அதனால் பெரிதும் அழிந்தது. 2014-இல் அது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காக்களில் சில ஏரிகளிலிருந்து டிரவுட்டை முழுக்க அகற்றியதும் தவளை திரும்பி வந்தது. தூண்டில் போடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எல்லா ஏரியிலும் மீன் இருப்பது இயல்பும் அல்ல, நல்லதும் அல்ல.

சரி, ஆழத்துக்கு வருவோம். ரெயின்போ டிரவுட்டுக்கு 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரையுள்ள தண்ணீர் சுகம். 20-ஐத் தாண்டினால் தவிக்கும். 25-ஐ நெருங்கினால் உயிர் பிழைப்பதே பாடு. சூடு மட்டுமல்ல, மூச்சும் காரணம். கடல்மட்டக் கணக்கில் 10 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 25 டிகிரியில் அது 8 மில்லிகிராமை ஒட்டி வந்துவிடும். சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. அதே நேரத்தில் தண்ணீரில் கிடைப்பது குறைகிறது.

பனி உருகிய புதிதில், ஏப்ரல், மே மாதங்களில், ஏரி முழுக்கக் குளிராக இருக்கும். வெயில் படும் ஆழமற்ற ஓரங்கள்தான் முதலில் சற்றுச் சூடேறும். பூச்சிகளும் அங்கேதான் முதலில் அசையும். டிரவுட் கரைக்கு அருகில், ஐந்தடி பத்தடி ஆழத்தில் சுற்றும். கரையிலிருந்து பிடிப்பவர்களுக்கு இதுவே நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் மேல்நீர் சூடாகி இலேசாகி, கீழேயுள்ள கனமான குளிர்நீரின்மேல் மிதக்கும். இரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு பட்டை உருவாகும். அந்தப் பட்டையை ஒட்டியே டிரவுட் நிற்கும். அதற்கும் கீழே இன்னும் குளிர்தான், ஆனால் சத்து மிகுந்த ஏரிகளில் அடியாழத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும்; மீன் அங்கே இறங்காது. இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனமாகி அமிழும். காற்றடித்து ஏரி முழுவதும் ஒன்றாகக் கலங்கும். மீன் மறுபடி ஓரத்துக்கு வரும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. படகில் போகிறவர் ஒரு வெப்பமானியை வாய் குறுகிய புட்டிக்குள் வைத்து, ஈயத்துக்குப் பதிலாக ஒரு கல்லைக் கட்டி, ஐந்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்கலாம். ஓரிரு நிமிடம் விட்டு இழுத்தால், அந்த ஆழத்து நீர் புட்டியோடு மேலே வரும். 13, 14 டிகிரி காட்டும் இடம் கிடைத்ததும் எத்தனையாவது முடிச்சு என்று குறித்துக்கொண்டால் அன்றைய வேலையில் பாதி முடிந்தது. கரையில் நிற்பவர் அந்த ஆழம் கைக்கெட்டும் இடத்துக்குப் போக வேண்டும். கரை செங்குத்தாக இறங்கும் இடம், அணைச்சுவரின் ஓரம், குளிர்ந்த ஓடை வந்து விழும் முகத்துவாரம், மலைநிழல் விழும் பக்கம். மாமத் லேக்ஸ் ஊருக்குத் தெற்கே உள்ள கான்விக்ட் ஏரி இதற்கு நல்ல உதாரணம். அதன் பக்கங்கள் சரேலென்று இறங்கும், கொஞ்ச தூரம் வீசினாலே ஆழம் கிடைக்கும். பெயரிலுள்ள ‘கைதி’ உண்மைக் கதை. 1871-இல் நெவாடா மாநிலத்தின் கார்சன் சிட்டி சிறையிலிருந்து தப்பிய கைதிகளில் சிலரைத் தேடிவந்தவர்கள் இங்கேதான் சுற்றி வளைத்தார்கள். அந்தச் சண்டையில் இறந்த ராபர்ட் மாரிசனின் பெயரே ஏரியின் மேல் நிமிர்ந்து நிற்கும் மலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

இனி கருவி. ஆறு முதல் ஏழடி நீளமுள்ள, நுனி நன்றாக வளையும் இலேசான ராடும் சிறிய ஸ்பின்னிங் ரீலும் போதும். கடைக்காரர் தடித்த ராடைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடலில் பாறை மீனுக்குப் பயன்படும் ராடில் டிரவுட் கடிப்பதே கைக்குத் தெரியாது.

பணத்தை நரம்பில் செலவிடுங்கள். மலை ஏரி நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். டிரவுட்டின் பார்வை கூர்மையானது. தடித்த நரம்பைக் கண்டால் இரைக்கு அருகில் வந்து திரும்பிப் போய்விடும். ரீலில் 4 அல்லது 6 பவுண்டு நரம்பு சுற்றி, முள்ளுக்கு முன்னால் வரும் இரண்டு மூன்றடியை மட்டும் 2 முதல் 4 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பாக வைப்பது வழக்கம். அந்தக் கடைசித் துண்டுக்கு லீடர் என்று பெயர். ஃபுளோரோகார்பன் ஏன்? ஒளி நீருக்குள் எவ்வளவு வளைகிறதோ, ஏறக்குறைய அதே அளவில் இந்த நரம்புக்குள்ளும் வளைகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோகார்பனுக்கு 1.42, சாதாரண நைலானுக்கு 1.5-க்கு மேல். நீருக்கு நெருங்கிய எண் என்பதால் அது நீருக்குள் மங்கிப்போகிறது. அதோடு அது சற்றுக் கனம், அமிழும்.

4 பவுண்டு நரம்பில் 5 பவுண்டு மீன் வந்தால் அறுந்துவிடாதா என்று கேட்பார்கள். அந்த எண் மீனின் எடை அல்ல, நரம்பு எவ்வளவு இழுப்பில் அறும் என்பது. மீன் இழுக்கும்போது ரீலின் டிராக், அதாவது நரம்பைப் பிடித்திருக்கும் பிரேக், அறும் அளவுக்கு முன்பே விட்டுக்கொடுத்தால் நரம்பு தப்பும். அறும் அளவில் கால்பங்கில் டிராக்கை வையுங்கள். 4 பவுண்டு நரம்பென்றால் 1 பவுண்டு. அரை லிட்டர் தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் பாட்டில் கிட்டத்தட்ட அந்த எடைதான். நரம்பு நுனியில் அதைக் கட்டி ராடைத் தூக்குங்கள். பாட்டில் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் டிராக் சரி. முடிச்சை இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைக்க மறக்காதீர்கள். உலர்ந்த முடிச்சு இறுகும்போது உராய்ந்து சூடாகி அந்த இடத்திலேயே நரம்பு நொய்ந்துவிடும். நழுவிப்போன பெரிய மீன்களில் பல முடிச்சில்தான் போயின.

கரையிலிருந்து அடியாழத்தில் பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் பயன்படுத்துவதும் அதிகம் பேர் தவறாகக் கட்டுவதும் அதைத்தான். ரீல் நரம்பை நடுவில் துளையுள்ள முட்டை வடிவ எடைக்குண்டில் கோத்து, பிறகு ஒரு சின்ன மணி, அதன்பின் ஸ்விவல் என்ற சுழலும் இணைப்பு. ஸ்விவலின் மறுபக்கம் லீடர், அதன் நுனியில் முள். எடைக்குண்டு அடித்தரையில் கிடக்கும். மீன் இரையைக் கவ்வி நகரும்போது நரம்பு குண்டின் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும். குண்டின் கனம் மீனுக்குத் தெரியாது. அதைக் கட்டிப்போட்டுவிட்டால் மீன் கனத்தை உணர்ந்ததும் இரையைத் துப்பிவிடும்.

இந்த அமைப்பில் மாவு இரை அமிழக் கூடாது, மிதக்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஏரியின் அடித்தரை பெரும்பாலும் பாசியும் சேறும். டிரவுட் தரையைக் கிளறி உண்ணும் கெளுத்தி அல்ல. தரைக்குச் சற்று மேலே நீந்திக்கொண்டே எதிரிலும் மேலேயும் பார்த்து உண்ணும். பவர்பெய்ட் போன்ற மாவு இரைகள் மிதக்கும்படி செய்யப்பட்டிருப்பது அதனால்தான். எடைக்குண்டு தரையில் நங்கூரம் போல நிற்க, லீடரின் நீளத்துக்கு இரை மேலே எழும்பி நிற்கும். ஆக, இரை தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை லீடர் நீளம்தான் தீர்மானிக்கிறது. பாசி ஒன்றரை அடி வளர்ந்த இடத்தில் ஒன்றரை அடி லீடர் கட்டினால் இரை பாசிக்குள்ளேயே புதைந்து கிடக்கும். மூன்றடி கட்டுங்கள். தரை சுத்தமாக இருந்தால் ஒன்றரை அடி போதும். மீன் கடிக்கவில்லை என்றால் நிறத்தை மாற்றுமுன் லீடரை ஓரடி கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

முள் சிறியதாக இருக்கட்டும். எண் ஏற ஏற முள் சிறுக்கும். மாவுக்கு 14 முதல் 18 வரையுள்ள மும்முனை முள் பொருந்தும். மாவை ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு உருட்டி முள் முழுதும் மறையும்படி பொதிந்து, கரையோரத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முள்ளின் கனத்தையும் தூக்கிக்கொண்டு மேலே வந்தால் வீசுங்கள். அமிழ்ந்தால் இன்னும் கொஞ்சம் மாவு சேருங்கள், அல்லது முள்ளைச் சிறிதாக்குங்கள். அரைமணிக்கு ஒருமுறை புதிதாகப் பொதிய வேண்டும், வாசம் கரைந்து போய்விடும். டிரவுட்டுக்கு மோப்பம் அதிகம். கொசுவிரட்டிக் களிம்பு, சன்ஸ்கிரீன், பெட்ரோல், சிகரெட் நாற்றம் உள்ள கையால் இரையைத் தொடாதீர்கள். ஏரிக்கரை மண்ணால் கையைத் தேய்த்துக் கழுவினாலே போதும்.

மாவு இரையை மீன் ஏன் விரும்புகிறது? மாநில அரசின் பொரிப்பகங்களில் வளர்ந்து லாரியில் வந்து ஏரியில் விடப்படும் மீன்கள் பிறந்ததிலிருந்து உருண்டைத் தீவனம் தின்றவை. அவற்றுக்குத் தெரிந்த உணவு அதுதான். விடப்பட்டு ஓரிரு வாரத்துக்குள் மாவு இரை நன்றாக வேலை செய்யும். ஆனால் மாதக்கணக்கில் ஏரியில் வாழ்ந்து, பூச்சியும் புழுவும் சின்ன மீனும் தின்னப் பழகிய மீன் வேறு. பெரிய மீன் பெரும்பாலும் அதுதான். அதற்கு உயிருள்ள புழுவோ, அது தின்னும் பூச்சியின் சாயலோ வேண்டும்.

புழுவுக்கு அங்கே நைட்கிராலர் என்று பெயர். நம் தோட்டத்து மண்புழுவைவிடத் தடிமன், ஒரு சாண் நீளம் இருக்கும். முழுப் புழுவைச் சுருட்டி முள்ளில் குத்தித் திணிப்பது கண்மாய்ப் பழக்கம். இங்கே அது உதவாது. பாதிப் புழுவை எடுத்து, ஒரு முனையில் மட்டும் ஒருமுறை குத்தி, மீதி நெளியும்படி தொங்கவிடுங்கள். மாவைப் போல இதுவும் தரைக்கு மேலே நிற்க வேண்டுமென்றால், ஊசி வைத்த சின்னப் பிளாஸ்டிக் புட்டியால் புழுவின் உடலுக்குள் கொஞ்சம் காற்றை ஏற்றுவார்கள். இதைச் செய்யும்போது புழுவைத் தரையிலோ பலகையிலோ வைத்துக் குத்த வேண்டும். உள்ளங்கையில் வைத்துக் குத்தி ஊசி விரலுக்குள் போனால், காற்று உடலுக்குள் ஏறுவது ஆபத்து. குழந்தைகள் கையில் அந்தப் புட்டியைக் கொடுக்கவே கூடாது. சால்மன் முட்டையும் புட்டியில் விற்கிறார்கள். அது ஓடை விழும் இடங்களில் நன்றாக எடுபடும், மற்றபடி நான் அதிகம் நாடுவதில்லை.

மீன் நடுநீரில் நிற்கும்போது தரைக்குண்டு அமைப்பு பயனற்றது. அப்போது தக்கை. மயிலிறகுக் காம்பு போல ஓரிடத்தில் கட்டிய தக்கையை வைத்துக்கொண்டு பத்தடி ஆழத்தில் இரையைத் தொங்கவிட்டால் வீசவே முடியாது, ராடைவிட நரம்பு நீளமாகத் தொங்கும். வழுக்குத் தக்கை இதற்காகவே இருக்கிறது. நரம்பில் நூலால் ஒரு சின்ன முடிச்சுப் போட்டு, அதன்கீழ் தக்கையை நரம்பில் வழுக்கும்படி கோர்ப்பார்கள். வீசும்போது தக்கை முள்ளருகே இருக்கும். நீரில் விழுந்ததும் எடை நரம்பைக் கீழே இழுக்க, முடிச்சு வந்து தக்கையில் முட்டும் இடத்தில் இரை நிற்கும். முடிச்சை நகர்த்தினால் ஆழம் மாறும்.

தேடிப் பிடிக்க ஸ்பூனும் ஸ்பின்னரும். மீன் எங்கே என்று தெரியாத புதிய ஏரியில் நான் முதலில் எடுப்பது இதைத்தான். காஸ்ட்மாஸ்டர், தாமஸ் போயன்ட் போன்ற உலோகத் தகடுகள் காயம்பட்ட சின்ன மீன் போலத் தள்ளாடி மின்னும். மெப்ஸ், பாந்தர் மார்ட்டின் போன்ற ஸ்பின்னர்களில் சிறு தகடு கம்பியைச் சுற்றிச் சுழன்று நீரை அதிரவைக்கும். எடை 3 முதல் 7 கிராமுக்குள் போதும். இங்கேயும் ஆழம்தான் கணக்கு. வீசியதும் சுற்றத் தொடங்கிவிடாதீர்கள். தகடு நீரைத் தொட்டதும் மனத்துக்குள் எண்ணத் தொடங்குங்கள்; நொடிக்கு ஏறக்குறைய ஓரடி அமிழும். முதல் வீச்சில் ஐந்துவரை எண்ணி இழுங்கள், அடுத்ததில் பத்து, பிறகு பதினைந்து. எந்த எண்ணில் கடி வந்ததோ அந்த எண்ணிலேயே நில்லுங்கள். ஒருமுறை பன்னிரண்டில் கடி கிடைத்த பிறகு அதே பன்னிரண்டில் வீசி வீசி, வெயில் ஏறுமுன் நாலு மீன் எடுத்திருக்கிறேன். பக்கத்தில் அதே தகட்டை வீசிக்கொண்டிருந்தவருக்கு ஒன்றுகூட இல்லை. எண்ணச் சொல்லிக் கொடுத்தேன், அவருக்கும் வந்தது. இழுப்பது மெதுவாக இருக்கட்டும், தகடு ஆடுவதற்குத் தேவையான வேகம் மட்டும்.

செயற்கை ஈ என்றால் அதற்கென்று தனி ராடு வேண்டும், வருடக்கணக்கில் பழக வேண்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். சாதாரண ஸ்பின்னிங் ராடிலேயே ஈயை வீச ஒரு வழி இருக்கிறது. நீர் நிரப்பக்கூடிய கண்ணாடி நிறப் பிளாஸ்டிக் குமிழ் ஒன்றை நரம்பில் கோர்த்து, அதன்பின் நாலைந்தடி லீடரில் ஈயைக் கட்டுங்கள். குமிழின் கனத்தில் ஈ தூரம் போகும். பாதி நீர் நிரப்பினால் மிதக்கும், முழுக்க நிரப்பினால் மெல்ல அமிழும். அந்தி சாயும் நேரத்தில் நீர்ப்பரப்பில் வட்ட வட்டமாக அலை எழும்பினால் மீன் மேலே வந்து பூச்சி தின்கிறது என்று பொருள். அப்போது மாவையும் தகட்டையும் வைத்துவிட்டுக் குமிழை எடுங்கள்.

ஈயில் ஆழத்தின் அருமையைக் கற்றுக்கொடுக்கும் இடம் கிரௌலி ஏரி. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் குடிநீருக்காக 1941-இல் அணை கட்டி உருவாக்கியது. அந்தப் பள்ளத்தாக்கு மக்களுக்காக உழைத்து 1940-இல் கார் விபத்தில் இறந்த ஜான் கிரௌலி பாதிரியாரின் பெயரைத் தாங்கியது. அதன் அடிச்சேற்றில் கைரோனோமிட் என்ற பூச்சி கணக்கில்லாமல் வளர்கிறது. பார்க்கக் கொசு போலவே இருக்கும், கடிக்காது. கூட்டுப்புழுவாகி மேலே எழும்புமுன் அது தரைக்குச் சற்று மேலே தங்கி நிற்கும். டிரவுட் அங்கேயே நின்று ஒவ்வொன்றாக உறிஞ்சும். எனவே அரிசி அளவே உள்ள அந்தப் புழுவின் சாயலைத் தக்கைக்குக் கீழே, தரையிலிருந்து ஓரடி மேலே தொங்கவிட வேண்டும். மூன்றடி மேலே தொங்கினால் மீன் ஏறெடுத்தும் பார்க்காது. ஆழத்தைத் துல்லியமாக அளக்க, முள்ளில் ஓர் இடுக்கியை மாட்டி நேரே கீழே இறக்குவார்கள். இடுக்கி தரையைத் தொட்டதும், தக்கையை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே வரும்படி நரம்பில் நகர்த்திக்கொள்வார்கள். பிறகு இடுக்கியைக் கழற்றிவிட்டால் ஈ தரையிலிருந்து சரியாக ஓரடியில் நிற்கும்.

படகில் மெல்லப் போய்க்கொண்டே இரையை இழுப்பது கோடையில் ஆழத்தை எட்டும் வழி. உள்ளே ஈயக்கம்பி ஓடும் நரம்பு இதற்கென்றே உண்டு. 30 அடிக்கு ஒரு நிறமாக மாறும்; மெதுவான வேகத்தில் ஒரு நிறம் விட்டால் சுமார் ஐந்தடி இறங்கும். வெப்பமானியில் கண்ட முடிச்சு எண்ணிக்கையை இங்கே நிற எண்ணிக்கையாக மாற்றிக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். நீர் ஒளியை வடிகட்டுகிறது, சிவப்பு முதலில் மங்கும். ஆழம் போகப் போகச் சிவப்பு கறுப்பாகத் தெரியும். பச்சையும் நீலமும் நீடிக்கும். கலங்கலில் பளிச்சென்ற மஞ்சள்பச்சை, தெளிந்த நீரில் வெயில் நேரத்தில் வெள்ளித்தகடு, மேகமூட்டத்தில் தங்கம் அல்லது செம்பு. இதற்கு மேல் நிறத்தில் நேரம் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

கடைக்குப் போகுமுன்பே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறீர்களா, விடப்போகிறீர்களா? உண்ணத்தக்க இரையை டிரவுட் விழுங்கிவிடும், முள் தொண்டைக்குள்ளோ வயிற்றிலோ ஏறும். அப்படி இரையில் பிடித்து விடுவித்த டிரவுட்டில் சுமார் நாலில் ஒன்று செத்துப்போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. செயற்கை ஈயிலும் தகட்டிலும் அது இருபதில் ஒன்று அளவுக்குக் குறைகிறது, ஏனென்றால் முள் உதட்டோரத்தில் மாட்டுகிறது. ஆகவே உண்ண நினைப்பவர் மாவோ புழுவோ போடட்டும். அனுமதித்த எண்ணிக்கை வந்ததும் சுருட்டிவிடட்டும். விட நினைப்பவர் எதிர்முள் இல்லாத தகடோ ஈயோ எடுக்கட்டும். மாவு போட்டுப் பிடித்து, இது சிறிது அது சிறிது என்று வரிசையாகத் திருப்பி விடுவது மீனுக்கு நாம் செய்யும் கருணை அல்ல. அவற்றில் பல நம் கண்ணுக்கு எட்டாத ஆழத்தில் சாகின்றன. முள்ளை விழுங்கிய மீனை விடத்தான் வேண்டுமென்றால் முள்ளைப் பிடுங்காதீர்கள், நரம்பை வாய்க்கருகில் வெட்டிவிடுங்கள். பிழைக்க அதிக வாய்ப்பு அதில்தான். கையை நனைத்துவிட்டுத்தான் தொட வேண்டும், காய்ந்த கை அதன் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும். மேல்நீர் 20 டிகிரியைத் தாண்டிய நாளில் பிடித்து விடுவிக்கும் விளையாட்டே வேண்டாம். குளிரிலிருந்து இழுத்துச் சூட்டில் போராடவைத்த மீன் திரும்ப இறங்கினாலும் மீள்வது கடினம்.

கலிபோர்னியாவில் 16 வயது நிரம்பியவர்களுக்கு உரிமம் வேண்டும். பருவமும் எண்ணிக்கையும் ஏரிக்கு ஏரி மாறும். சிலவற்றில் எதிர்முள் இல்லாத செயற்கை இரை மட்டுமே செல்லும். அந்த ஏரிக்குரிய விதியைப் படித்துவிட்டு இரை வாங்குங்கள். உயிர் மீன்குஞ்சை இரையாக வைப்பதற்கு இந்த மலை ஏரிகளில் தடை இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. வடக்கே டேவிஸ் ஏரியில் யாரோ கொண்டுவந்து விட்ட பைக் என்ற கொடும்பசி மீன் 1994-இல் தென்பட்டது. அதை ஒழிக்க 1997-இலும் 2007-இலும் ஏரி முழுக்க மருந்து போட்டு எல்லா மீனையும் கொல்ல வேண்டியிருந்தது. மீதமான புழுவையும் மண்ணில் கொட்டாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடுங்கள். இந்த நைட்கிராலர் ஐரோப்பாவிலிருந்து வந்தது, வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் தரையின் இலைச்சருகைத் தின்று மண்ணையே மாற்றிவிடுகிறது. ஈயக்குண்டை வாத்தும் அன்னமும் கூழாங்கல்லென்று விழுங்கி நஞ்சேறிச் சாகின்றன. பிரிட்டனில் அன்னங்கள் செத்ததால் 1987-இலேயே சிறிய ஈயக்குண்டுகளைத் தடை செய்தார்கள். டங்ஸ்டன் குண்டு விலை கூடுதல், ஆனால் ஈயத்தைவிடச் சிறியது, பாசியில் குறைவாகச் சிக்கும். நான் அதைத்தான் வாங்குகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனை ஏரிக்கரையிலேயே சுத்தம் செய்யும்போது, குடலை எறியுமுன் இரைப்பையை மட்டும் கத்திநுனியால் கீறி, ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நீரூற்றி அதில் கரையுங்கள். சென்ற ஜூனில் ஒரு மீனின் வயிற்றில் மாவு உருண்டை ஒன்றுகூட இல்லை. அரிசி அளவுக் கறுத்த கூட்டுப்புழுக்கள் நாற்பதுக்கு மேல் இருந்தன, நடுவே பச்சை நிறத் தும்பிக்குஞ்சு ஒன்று. மறுநாள் காலையில் புட்டிகளைக் காரிலேயே வைத்துவிட்டு, குமிழும் இரண்டு ஈயும் இடுக்கியும் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.